எண்ணும் எண்ணிக்கையும்

பேப்பரில் அந்தப் பக்கத்தை மடித்துவிடாதீர்கள் சார். வேலைவாய்ப்புப் பக்கம், உங்களுக்கு அது தேவைப்படாது என்று தெரிகிறது. இருந்தாலும் மடிக்காதீர்கள். கீழே மாதிரி வினா என்று இரண்டு கணக்கு போட்டிருக்கிறார்கள் பாருங்கள். ஒரு கேள்வி, அதற்குக் கீழே ஒன்று, இரண்டு என்று இரண்டு கூற்று. பயிற்சி மையங்களில் டேட்டா சஃபிஷியன்சி என்பார்கள். நான் தரவுப் போதுமை என்று எழுதுவேன். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம் தெரிந்தால் போதும்.

ஒரு தோட்டத்தில் ஆடும் கோழியும் நிற்கின்றன. ஆடு எத்தனை? இதுதான் கேள்வி. முதல் கூற்று, மொத்தம் முப்பது தலை. இதை மட்டும் வைத்து ஆடு எத்தனை என்று சொல்ல முடியுமா? முடியாது. இரண்டாவது கூற்று, மொத்தம் எண்பத்தாறு கால். இதை மட்டும் வைத்து? முடியாது. இரண்டையும் சேர்த்தால் முடியும். ஆகவே ‘இரண்டும் சேர்ந்தால் போதும்’ என்கிற விடையைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். ஆடு எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. கண்டுபிடிக்க முடியுமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தைப் புரிய வைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. வகுப்பில் இல்லை, வீட்டில்.

டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை. பாசிப் பச்சைச் சேலை, மடியில் நீல ஃபைல். எட்டிப் பார்க்காதீர்கள், நேராக உட்கார்ந்திருந்தாலே தெரியும். அவள்தான் மீனாள். என் மனைவி. காரைக்குடியில் ஏறும்போது இந்த இருக்கையில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. நான் ஜன்னலோரம் அவளுக்கு விட்டுவிட்டுத்தான் நின்றேன். அவள் நேரே முன்னால் போய் ஓர் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்றாள். பதினான்கு வருடமாகச் சுற்றாத தலை. சரி, வயதாகிறது.

என் பெயர் வடுகநாதன். மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர், கணிதம். பள்ளியின் பெயர் வேண்டாம். இன்னும் சில பெயர்களையும் நான் சொல்ல மாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள்.

மீனாள் தமிழ் இலக்கியம் படித்தவள். படித்துவிட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டரில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். மற்றவர்களுடைய வேலை விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் பூர்த்தி செய்து கொடுப்பது அவள் வேலை. போட்டோவைச் சுருக்குவாள், கையெழுத்தை ஸ்கேன் செய்வாள், சாதிச் சான்றிதழ் எண்ணைச் சரிபார்ப்பாள். அவள் பூர்த்தி செய்து கொடுத்ததில் போன மார்ச் வரை பதினேழு பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அவர்களில் ஒரு பையன் தாலுகா ஆபீஸில் இருக்கிறான். வருமானச் சான்றிதழுக்கு மீனாள் போய் நின்றபோது, உட்காருங்கக்கா என்று நாற்காலியை இழுத்துப் போட்டானாம். அவனுக்கென்று ஒரு மேஜை, மேஜை மேல் பெயர்ப்பலகை. வீட்டுக்கு வந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். போன மார்ச்சில், விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று, தனக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தாள். ஒரு வாரியம், இளநிலை உதவியாளர் பதவி. வயது வரம்பில் அவளுக்கு அதுதான் கடைசி வருடம்.

தமிழும் பொது அறிவும் அவளுக்குப் பிரச்சினை இல்லை. கணக்குதான். கணக்கிலும் இந்தத் தரவுப் போதுமைதான். பதினைந்து கேள்வி வரும். சாயங்காலம் அவள் வந்து குளித்துவிட்டு உட்காருவாள், நான் சொல்லிக்கொடுப்பேன். மார்ச் கடைசி முதல் ஜூன் வரை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த மூன்று மாதந்தான் என்று நினைக்கிறேன்.

அவளால் கணக்கைப் பாதியில் விட முடியாது. போதும் என்று தெரிந்த பிறகும் போட்டுக்கொண்டே இருப்பாள். முப்பதை இரண்டால் பெருக்கி அறுபது, எண்பத்தாறில் கழித்தால் இருபத்தாறு, அதில் பாதி பதிமூன்று, ஆடு பதிமூன்றுங்க என்பாள். ஆடு பதிமூன்றாக இருந்தால் உனக்கென்ன, ஒரு நிமிடம் வீணாகிவிட்டது என்பேன். ஒருநாள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீங்க கணக்கு வாத்தியாரா, ஜோசியக்காரரா? கிடைக்கும் கிடைக்கும்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போறீங்க. கிடைச்சுச்சா இல்லையான்னு பாக்க வேணாமா?”

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்போம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். x, y என்று பார்க்கிறவர்கள் வார்த்தையைப் பார்ப்பதில்லை. மீனாள் வார்த்தையைத்தான் முதலில் பார்ப்பாள். கூடையில் மாம்பழம் x என்று இருந்தால், x அரையாக இருக்காது, மைனஸாக இருக்காது, இதை ஏன் தனியாகச் சொல்லவில்லை என்பாள். சொல்ல வேண்டியதில்லை, மாம்பழம் என்றாலே அதில் அடக்கம் என்பேன். அப்ப வார்த்தையும் ஒரு சமன்பாடுதான் என்றாள். முப்பது வருடமாகக் கணக்கோடு இருக்கிறேன், எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றியதில்லை. இரண்டு கூற்றும் உண்மையில் ஒன்றே என்று வருகிற கணக்கு இருக்கிறது. x-உம் y-உம் சேர்ந்தால் பன்னிரண்டு, இரண்டு x-உம் இரண்டு y-உம் சேர்ந்தால் இருபத்துநான்கு. பார்த்தால் இரண்டு தகவல் மாதிரி இருக்கும். ஒரே ஆள்தான் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான். அதில் என் பிளஸ் டூ பிள்ளைகளே விழுவார்கள். மீனாள் ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

வர்க்கம் வருகிற கணக்கு மட்டும் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் குனியுங்கள் சார்.

அந்த வாரியத்துக்குக் கணித வினாக்களைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுப்பது நான்தான். நான்கு வருடமாக. வீட்டில் தெரியாது. தெரியக் கூடாது என்பது விதி. மெட்ராஸுக்கு வரச்சொல்லுவார்கள், இரண்டு நாள் ஓர் அறையில் உட்கார வைப்பார்கள், போனை வாங்கிக்கொள்வார்கள். மீனாளிடம் ஆசிரியர் பயிற்சி முகாம் என்று சொல்லிவிட்டுப் போவேன். போன ஜனவரியிலும் போனேன். ஆங்கிலத்தில் நூற்றிருபது வினா கொடுத்தார்கள். அதில் எது எந்தப் பரீட்சைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டேன். என் நெருங்கிய உறவினர் யாரும் இந்த வாரியத்தின் தேர்வு எதையும் எழுதவில்லை என்று. ஜனவரியில் அது உண்மை. மீனாள் விண்ணப்பித்தது மார்ச்சில். பின்னால் நிலைமை மாறினால் தெரிவிக்க வேண்டும் என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி உண்டு. அதை யார் சார் படிக்கிறார்கள்.

அவளுக்கு ஒரு வினாவைக்கூட நான் சொல்லவில்லை. அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். நான் மொழிபெயர்த்ததில் வர்க்கச் சமன்பாட்டுக் கணக்கு ஒன்று இருந்தது. அதனாலேயே அந்த மாதிரியை மூன்று மாதமும் தொடவில்லை. அவ்வளவு நேர்மையாக இருந்தேன்.

அந்த வினாவைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் அது ஒரு நம்பர், அவ்வளவுதான். ஒரு நம்பர் x, x-இன் மதிப்பு என்ன? முதல் கூற்று, x-இன் வர்க்கத்திலிருந்து மூன்று x-ஐக் கழித்தால் நாற்பது. இரண்டாவது கூற்று, x ஓர் இரட்டைப்படை எண். முதல் கூற்றைத் தீர்த்தால் இரண்டு விடை வரும், எட்டு அல்லது மைனஸ் ஐந்து. எது என்று தெரியாது, ஆகவே அது மட்டும் போதாது. இரட்டைப்படை என்று தெரிந்தால் மைனஸ் ஐந்து அடிபட்டுப்போகும், எட்டு நிற்கும். இரண்டும் சேர்ந்தால் போதும். விடை ‘சி’.

நம்பர் என்பதற்கு எண் என்று எழுதிவிட்டுப் போயிருக்க வேண்டும். எழுதினேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். மேலே ஓர் எண், கீழே இரட்டைப்படை எண். இரண்டு வரிக்குள் இரண்டு எண் வந்தது காதுக்கு நன்றாக இல்லை. மேலே இருந்ததை அடித்துவிட்டு எண்ணிக்கை என்று மாற்றினேன். ‘ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை x எனில்’. வாசித்தால் ஓட்டமாக இருக்கும். எனக்குத் தமிழ் கொஞ்சம் நன்றாக வரும் சார். மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் கணக்கை மட்டும் பார்ப்பார்கள்.

பரீட்சை ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மையத்துக்கு எதிரே டீக்கடையில் காத்திருந்தேன். மீனாள் வெயிலில் கர்ச்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே நன்றாக எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தது. டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பேசினாள்.

“நீங்க சொல்லிக்குடுக்காத கணக்கு ஒண்ணு வந்துச்சுங்க. வர்க்கமெல்லாம் போட்டு. நானே பிரிச்சுட்டேன். எட்டு, இல்லாட்டி மைனஸ் அஞ்சு. இரட்டைப்படைன்னு ரெண்டாவதா ஒண்ணைக் குடுத்து இழுக்கப் பாத்தான். நான் போகலையே. எண்ணிக்கைன்னு போட்டிருக்கான். எண்ணிக்கையில மைனஸ் ஏது? முதல் கூற்று மட்டுமே போதும். ‘ஏ’தானே?”

நான் தம்ளரைப் பெஞ்சில் வைத்தேன். அவள் விடவில்லை.

“எழுதினவன் நல்லாத் தமிழ் தெரிஞ்சவன். இல்லாட்டி எண்ணுன்னு போட்டுட்டுப் போயிருப்பான்.”

மறைக்காமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த ஒரு நிமிடம். கட்டினவள் வாயால் நல்ல தமிழ் என்று கேட்க எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அவளுக்கு இன்னொரு டீ சொன்னேன்.

ஒரு வாரத்தில் விடைக் குறிப்பு வந்தது. ‘சி’. வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள், தமிழில் ஐயம் இருந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று. அந்த வரியை மொழிபெயர்த்ததும் நான்தான். ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் கைப்பட எழுதி, ஸ்கேன் செய்து அனுப்பலாம். மீனாள் பள்ளிப் பாடப்புத்தகம், அகராதி எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினாள். எனக்கு எழுத்து கோணலாகப் போகும், நீங்க எழுதுங்க, நான் சொல்றேன் என்றாள். நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். எழுதினேன். எண் என்பது குறை எண்ணாகவும் இருக்கலாம், எண்ணிக்கை என்பது எண்ணி வருவது, எண்ணுவதற்கு அங்கே ஒரு பொருள் இருந்தாக வேண்டும், இல்லாத பொருளை யாரும் எண்ணுவதில்லை. மூன்று பக்கம். கடைசியில் ‘ஆகவே’ என்பதற்கு மூன்று புள்ளி வைத்து, ‘ஏ’ என்பதே சரியான விடை என்று முடித்தேன். கணக்கு வாத்தியார் கை, ஆகவே என்று வந்தால் மேலே ஒன்று கீழே இரண்டு என்று தானாகப் புள்ளி விழுந்துவிடும். மீனாள் கீழே கையெழுத்துப் போட்டாள். நான் எழுதியதிலேயே அது நல்ல கடிதம்.

ஜூலையில் பள்ளிக்கு எனக்கு ஒரு கவர் வந்தது. சீல் வைத்து, அந்தரங்கம் என்று போட்டு. மூன்றாவது பீரியடு முடிந்த இடைவேளை. உள்ளே ஒரு தாள். குறிப்பிட்ட வினாவில் எண், எண்ணிக்கை ஆகிய சொற்களின் பொருள் வேறுபாடு குறித்து ஆட்சேபம் வந்துள்ளது, மொழிபெயர்ப்பாளர் என்கிற முறையில் தங்கள் கருத்தைத் தாங்களே கைப்பட எழுதி அனுப்பவும். கணினியில் அடிக்கக் கூடாது, ரகசியம் போய்விடும்.

வேறு என்று எழுதினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். தவறு என்னுடையது என்று ஆகும். விசாரிப்பார்கள். விசாரித்தால் ஆட்சேபம் போட்டவளின் கணவன் பெயர் வடுகநாதன் என்று வரும். வினாவை வீட்டில் சொல்லியிருக்கிறான் என்பார்கள், சொல்லவில்லை என்று எப்படி நிரூபிப்பது? வேலை போகும். மீனாளின் விடைத்தாளையும் செல்லாது என்று சொல்லிவிடுவார்கள். அவளைக் காப்பாற்றத்தான் சார். நான்கு வரி எழுதினேன். இரு சொற்களும் உலக வழக்கில் ஒரே பொருளில் பயன்பட்டு வருகின்றன. தேர்வர் குழம்ப வாய்ப்பில்லை. ஆகவே விடையில் மாற்றம் தேவையில்லை. மணி அடித்துவிட்டது, பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

அப்போது ஒன்றரை மதிப்பெண்ணில் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அக்டோபரில் முடிவு வந்தது. ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண். கட் ஆஃப் இருநூற்றுப் பதினொன்றரை, மீனாளுக்கு இருநூற்றுப் பத்து. அந்த ஒரு கேள்வி. அவள் அழவில்லை. பிரவுசிங் சென்டருக்குப் போய், தேர்வானவர்களுக்குச் சான்றிதழ் பதிவேற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். நோட்டில் பதினெட்டாவது பெயர் எழுதினாள். அடுத்த நாள் வக்கீலைப் பார்க்க வேண்டும் என்றாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், அலைச்சல், ஒரு மதிப்பெண்ணுக்காகப் போய்க் கோர்ட்டில் நிற்பதா என்று. ஒரு மதிப்பெண் இல்லை, ஒன்றரை என்றாள்.

வக்கீல் ஒரு பெண், ரெஜினா என்று பெயர். கேஸ் போட்டாயிற்று. மூன்று வாரத்துக்கு முன்னால் வாரியத்தின் பதில் மனு வந்தது. அதோடு ஓர் இணைப்பு, மொழிபெயர்ப்பு நிபுணரின் கருத்து என்று. நகல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பெயரையும் கையொப்பத்தையும் கறுப்பு மையால் அடித்து மறைத்திருக்கிறார்கள். எழுத்தை மறைக்கவில்லை.

மீனாள் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்தாள். ஒரு தடவை வாய்விட்டு, ஒரு தடவை மனதுக்குள். கடைசி வரியில் ‘ஆகவே’ இருக்க வேண்டிய இடத்தில் மூன்று புள்ளி இருந்தது. பீரியடு மணி அடித்த அவசரத்தில் நானே கவனிக்கவில்லை. அவள் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஃபைலில் வைத்து மூடினாள். நாங்கள் அனுப்பிய மூன்று பக்க ஆட்சேபமும் அதே ஃபைலில்தான் இருக்கிறது. மூடிவிட்டு மாடிக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு வந்தாள். மழை ஒன்றும் வரவில்லை.

நான் விட்டுவைக்கவில்லை. யாரோ கணக்கு வாத்தியார் போலிருக்கிறது, இந்தப் புள்ளியெல்லாம் எல்லாரும் வைப்பதுதான் என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டே, ஆமா, எல்லாரும் வைக்கிறதுதான் என்றாள்.

அப்புறம் அவள் என்னிடம் எதையும் எழுதித் தரச் சொல்லவில்லை. பாங்கில் செலான் எழுதுவதற்குக்கூட. எழுத்து கோணலாகப் போனாலும் அவளே எழுதுகிறாள். நானாகப் போய்ப் பேனாவை எடுத்தால், இருக்கட்டும் என்கிறாள். போன வாரம், திங்கட்கிழமை லீவு போடுங்க, உங்களையும் கூட்டிட்டு வரச்சொன்னாங்க வக்கீலம்மா என்றாள். எதற்கு என்று கேட்டேன். தெரியலை என்றாள். நீதிபதிக்கு அந்த வர்க்கச் சமன்பாட்டை விளக்க ஆள் வேண்டாமா, அதற்காகத்தான் இருக்கும்.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சோற்றைப் பார்த்துச் சொன்னாள்.

“அந்த மொழிபெயர்த்த ஆளே வந்து, ரெண்டும் வேற வேறன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா கேஸு பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுமாம். வக்கீலம்மா சொன்னாங்க.”

“அவரை எங்க போய்த் தேடறது,” என்றேன்.

“ஆமா,” என்றாள். “எங்க போய்த் தேடறது.”

பிறகு ரசம் ஊற்றினாள். கொஞ்சம் அதிகமாகவே ஊற்றிவிட்டாள், சோறு மிதந்தது. நான் போதும் என்று சொல்லவில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இதை ஒரு கணக்காகவே பார்ப்போம். கேள்வி, மீனாளுக்குத் தெரியுமா? முதல் கூற்று, மூன்று புள்ளியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இது மட்டும் போதுமா? போதாது. மூன்று புள்ளி வைக்கிற கணக்கு வாத்தியார்கள் இந்த மாநிலத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். எங்கள் எல்லாருக்கும் கையெழுத்து ஒரே மாதிரி உருண்டையாகத்தான் வரும், கரும்பலகையில் எழுதிப் பழகினது. இரண்டாவது கூற்று, என்னிடம் எழுதச் சொல்வதை விட்டுவிட்டாள். இது மட்டும் போதுமா? போதாது. தானே எழுதிப் பழகலாம் என்று இருக்கலாம். இரண்டையும் சேர்த்தாலும் போதாது. ரசம் அதிகமாக ஊற்றியதையும் தனியாக உட்கார்ந்திருப்பதையும் தகவல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நான் இருபத்திரண்டு வருடமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன் சார். விடை ‘டி’. கொடுத்துள்ள தரவுகள் போதுமானவை அல்ல.

ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? நீங்கள் கணக்குப் படித்தவரா? இரும்புக் கடை என்றுதானே சொன்னீர்கள்.

போய்ச் சொல்லிவிடலாம் என்கிறீர்கள். எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்று, நான்தான் என்று சொல்லிவிடலாம். சொல்லலாம். கீழவளவு தாண்டும்போதுகூட நினைத்தேன். ஆனால் நான் சொல்வதால் என்ன ஆகும்? என் சொல் மட்டும் போதுமா? நீதிபதி கேட்பார், ஜூலையில் இரண்டு சொல்லும் ஒன்று என்று எழுதினீர்கள், இப்போது வேறு என்கிறீர்கள், எதை நம்புவது என்று. அவள் சொல் மட்டும் போதாது என்று வாரியம் சொல்லிவிட்டது. சரி, இரண்டும் சேர்ந்தால்? சேர்ந்தால் கேஸ் ஜெயித்துவிடும், எனக்கும் தெரிகிறது. அதன் பிறகு அவளுக்கு மேஜை கிடைக்கலாம். எனக்கு? நாற்பத்தெட்டு வயது. வேலை போய்விட்டால் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவள் ஆபீஸுக்குக் கிளம்பும்போது டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுத்துக்கொண்டு. அவளும் நன்றாகத்தான் வைத்துக்கொள்வாள், அதில்லை. ஆனால் ஒருநாள் கேட்பாள் பாருங்கள், ஜூலையில் அந்த நாலு வரியை எழுதும்போது என்னை நினைச்சீங்களா என்று. நினைத்தேன் என்றாலும் தப்பு, நினைக்கவில்லை என்றாலும் தப்பு. நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

இன்றைக்குக் கோர்ட்டில் எங்கள் கேஸ் நாற்பத்து மூன்றாவது. சில நாள் அதுவரை வராதாம். இன்னொரு தேதி கொடுத்துவிடுவார்களாம். வக்கீலுக்கே உடம்பு சரியில்லாமல் போகலாம். நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

மேலூரா? அதற்குள்ளேயா வந்துவிட்டது?

சார், நீங்கள் இங்கே இறங்க வேண்டும் இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். ஒத்தக்கடையில் இறங்கிக்கொள்ளக் கூடாதா? அங்கிருந்து மேலூருக்கு நிமிடத்துக்கு ஒரு பஸ். இருபது நிமிடந்தான், டிக்கெட் நான் எடுக்கிறேன். கடையைப் பையன் திறந்திருப்பான் என்றுதானே சொன்னீர்கள். நீங்கள் எழுந்தால் இந்த இடம் காலியாகிவிடும் சார். காலியாக இருந்தால் அவள் வருவாள். இரண்டு தடவை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், நீங்கள் கவனிக்கவில்லை. இந்த இடம் காலியாகிறதா என்றுதான் பார்த்தாள்.

எழுந்துவிட்டாள். பக்கத்து அம்மாள் இறங்க வழிவிடுகிறாள், அவ்வளவுதான். மறுபடி உட்கார்ந்துவிடுவாள்.

ஃபைலை எடுத்துக்கொண்டாள்.

உட்காருங்கள் சார். பையைத் தூக்காதீர்கள், காலுக்குக் கீழேயே இருக்கட்டும். ஏறுகிறவர்கள் அவளை நகர விடமாட்டார்கள், கூட்டம் இருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். ஃபைலைத் திறந்து எதையோ உருவுகிறாள், இரண்டு தாள். தெரியவில்லை, என்ன தாள் என்று இங்கிருந்து தெரியவில்லை. நீங்கள் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், நாம் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். ஏன் சார் நிற்கிறீர்கள், நான் இவ்வளவு சொல்கிறேனே.

மீனா, சாருக்கு ஒத்தக்கடைதானாம்.